பாறை என்று பெயரிட்ட படம்

தூத்துக்குடிக் கால்நடை மருத்துவமனையில் நான் பொறுப்பேற்றுக்கொண்ட அறையில், என் நாற்காலிக்கு நேர் பின்னால், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு நீர்வண்ண ஓவியம் தொங்கிக்கொண்டிருந்தது. மாலைக் கடற்கரை. பாதிக்கு மேல் வானம். கடலும் வானமும் சேரும் இடத்தில் கோடு கிடையாது. ஊதாவும் ரோஜா நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடந்தன. கீழே ஈர மணலில் அங்கங்கே கருநீலத் திட்டுகள். ஒவ்வொரு திட்டின் முதுகிலும் பொன்மஞ்சளாக ஓர் இழை வெளிச்சம். முன்னால், தாளின் இடது மூலைக்குச் சற்று மேலே, மற்றவற்றைவிடச் சின்னதாக ஒரு திட்டு. அதன்மேல் மட்டும் நிறம் எதுவும் தொடாமல் தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தார் வரைந்தவர். யார் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும். சட்டத்தின் அடியில் ஒரு பித்தளைத் தகடு: ‘மாலைப் பாறைகள்’.

நாய்க்குத் தடுப்பூசி போட வருகிறவர்களும், ஆட்டுக்குக் காப்பீடு கேட்டு வருகிறவர்களும் என்னோடு பேசிக்கொண்டே என் தலைக்கு மேலாக அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். “மணப்பாடா மேடம்?” என்று கேட்பார்கள். சிலர் கன்னியாகுமரி என்பார்கள். “என்ன அழகு! சூரியன் கடல்ல இறங்குறது அப்படியே தெரியுது” என்றார் ஒரு வங்கி அதிகாரி. எங்கள் கடலில் சூரியன் இறங்குவதில்லை, அது இறங்குவது மேற்கே பனங்காட்டுக்குள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்தின் வெளிச்சம் கடலிலிருந்து வருவதல்ல. வரைந்தவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, கரைப் பக்கமிருந்து வந்து விழுவது. எனக்கு அந்தப் படத்தை அதன் ஈரம் காய்வதற்கு முன்பே தெரியும். அதில் பாறை எதுவும் கிடையாது.

தாமிரபரணிக் கரையில், பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூட வந்ததில்லை. கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா அழுதாள். வேலைக்குச் சேர்ந்தபின் விடுமுறையில் ஊருக்குப் போனால், கொல்லைப்புறக் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே விடுவாள். பசுவின் கருப்பைக்குள் தோள்வரை கையை விடுகிறவள் என்று அத்தை என் கையால் காபி வாங்க மாட்டாள். ஆகவே அருவருப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதை எதிர்கொண்டு, தாண்டி, அதை வெறும் வாடையென்று ஒதுக்கக் கற்றுக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சீழ், சாணி, பனிக்குட நீர், புழு வைத்த புண் எதுவும் என்னை முகம் சுளிக்க வைத்ததில்லை. என் வாழ்க்கையில் உண்மையாகவே அருவருப்படைந்தது ஒரு சுத்தமான மனிதரைப் பார்த்துத்தான்.

அவரைப் பெரிய டாக்டர் என்று சொல்வோம். என் முதல் பணியிடத்தில் தலைமை மருத்துவர் அவர். தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊர், பெயர் வேண்டாம். நாசரேத் பக்கத்துக் குடும்பம். அப்பா, தாத்தா எல்லாரும் வாத்தியார்கள். இஸ்திரி கலையாத சட்டை, மடித்த கைக்குட்டை, யாரையும் ‘நீங்க’ என்றே கூப்பிடும் மென்மையான குரல். யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆட்டுக்காரக் கிழவி வந்தாலும் எழுந்து நின்று பேசுவார். கைத்திறனும் அப்படித்தான். குறுக்கே மாட்டிய கன்றை அவர் திருப்பி எடுக்கும்போது பசுவுக்கே வலி தெரியாதோ என்று தோன்றும். சேர்ந்த புதிதில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

ஜீப்பின் பின்சீட்டில் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் அவருடைய வண்ணப் பெட்டி இருக்கும். மடக்கு நாற்காலி, தாள் ஒட்டிய பலகை, எவர்சில்வர் டம்ளர், ஒரு கேனில் நல்ல தண்ணீர். முகாம் முடிந்து திரும்பும் வழியில் ஆத்தூர்ப் பாலத்தருகே வண்டியை நிறுத்தச் சொல்வார். வெற்றிலைக் கொடிக்கால், ஆற்றுமுகம், உப்பளத்தின் வெள்ளைக் குவியல்கள் எல்லாவற்றையும் வரைந்திருக்கிறார். தாளை முதலில் முழுக்க நனைத்துக்கொள்வார். நனைந்த தாளில் தூரிகை நுனியால் தொட்டதும் நிறம் தானாகப் பரவும். எங்கே பரவ விடுவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த முறை என்பார். “பொருளை வரையக் கூடாதும்மா. அதுமேல விழுற வெளிச்சத்தைத்தான் வரையணும். பொருள் எங்கயும் போகாது, வெளிச்சம் போயிரும்” என்று அடிக்கடி சொல்வார். எனக்கு ஓவியம் தெரியாது. ஆனாலும் வெறும் ஈரக்கறை ஒன்று சட்டென்று நாணல் புதராகிவிடுவதை வாயைத் திறந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

ஒரு கோடையில் ஆடுகளுக்குக் கொள்ளைநோய் வந்து ஒரு கிராமத்தில் பட்டி பட்டியாகச் செத்தன. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிக்கொண்டிருந்தோம். ஆடு வளர்த்தவள் ஒருத்தி மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் என் பக்கம் குனிந்து, “அந்தச் சுண்ணாம்புப் புழுதியைப் பாருங்க. நிழல்ல நீலமா இருக்கு” என்றார். உண்மையாகவே நீலமாகத்தான் இருந்தது. நானும் பார்த்தேன். அன்று அதைக் கலைஞனின் கண் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த தை மாதத்தில் திமிங்கிலங்கள் கரையேறின. திருச்செந்தூர்ச் சாலையிலிருந்து கிழக்கே பிரியும் மணல்தடத்தின் முடிவில் ஒரு மீனவக் குப்பம். காலையில் வல்லம் என்கிற நாட்டுப்படகைத் தள்ளப் போனவர்கள், கரையெங்கும் கரும்பாறைகள் முளைத்தது போல அவை கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு வல்லத்தின் நீளம். மொத்தமான தலை, ரப்பர் போன்ற தோல். உயிரோடு இருந்தன. ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் விசிலும் அல்ல, அழுகையும் அல்ல. தள்ளித் தள்ளி ஆழத்தில் கொண்டு விட்டால் வட்டமடித்து மறுபடியும் கரைக்கே வந்தன. தங்கள் எடையே தங்கள் நுரையீரலை நசுக்க, வெயிலில் தோல் வெடித்து, அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். எங்களுக்குச் செய்தி வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் போய்விட்டன. வேடிக்கை பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வந்திருந்தார்கள். செத்தவற்றின் மேல் ஏறி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றின் வயிறு உப்பி, வாயோரம் குழம்பு போல ஒழுக ஆரம்பித்திருந்தது. மூச்சை அடைக்கும் எண்ணெய் நாற்றம். டாக்டர் சொல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். அந்தக் கரையில் டாக்டர் என்றால் பெரிய டாக்டர்தான்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கரையோரம் நடந்தார். இது போகும், இது போய்விட்டது, இதைத் தள்ளிப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, உயிருள்ள ஒரு பெரிய விலங்கோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். அது சரிந்து மூச்சுத்துளைக்குள் தண்ணீர் போய்விடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள ஆறேழு பேர் தேவைப்பட்டார்கள். அதன் கண் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மாட்டுக்கண்ணைப் போலவே இமைத்தது.

எங்களுக்குத் தெற்கே, மணலில், ஒரு குட்டி கிடந்தது. அதற்கு ஒரு அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குப்பத்துக்காரர், மீன் விற்கிறவர். தன் பழைய சேலையை நனைத்துக் குட்டியின் முதுகில் போர்த்தியிருந்தார். “ஏலே, குடத்த இங்கன கொண்டாலே! மூக்குல ஊத்திராத, மூச்சு முட்டிரும்!” என்று அவர் போட்ட சத்தம் என் காதுவரை கேட்டது. குட்டியின் தாயை அவருடைய தம்பி வல்லத்தில் கயிறு கட்டி வெளியே இழுத்துக்கொண்டு போய் விட்டிருந்தார். மற்றவை எல்லாம் திரும்பி வந்தபோது அது மட்டும் வரவில்லை. அலைக்கு அப்பால், ஒரே இடத்தில், முதுகு தெரியத் தெரிய நின்றுகொண்டிருந்தது. மாலையாகிவிட்டது. தம்பி திரும்பி வந்து, குட்டியைச் சாக்கில் ஏந்தி வல்லத்தோடு சேர்த்துக் கட்ட ஆள் திரட்டினார். எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது.

நான் பிடித்திருந்த விலங்கு கொஞ்ச நேரத்தில் உடம்பைத் தளரவிட்டது. அப்புறம் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கரையேறி அக்காவிடம் ஓடினேன். குட்டி அங்கேயே கிடந்தது. போர்த்தியிருந்த சேலையைக் காணோம்.

“ஏன் அக்கா இன்னும் கொண்டு போகல?”

“பெரிய டாக்டரு நிக்கச் சொல்லிட்டாரும்மா. துணியையும் எடுத்துருங்க, குட்டிய அசைக்காதீங்கன்னாரு. அங்கன இருந்து என்னமோ பாத்துக்கிட்டே இருக்காரு. டாக்டருக்குத் தெரியாதா நமக்குத் தெரியும்?”

தம்பி கடலைக் காட்டினார். “தாய் இன்னும் அங்கன நிக்கி டாக்டரம்மா. வெலகி வெலகிப் போவுது. சட்டுனு கேட்டுச் சொல்லுங்க.”

கரைக்கு மேலே ஒரு மணல்மேடு. பெரிய டாக்டர் அங்கே மடக்கு நாற்காலியில் பனங்காட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். குட்டியின் மூச்சை எண்ணுகிறார், அசைத்தால் ஏதோ ஆபத்து என்று கண்டிருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டு ஏறினேன். மடியில் பலகை இருந்தது. ஊதா வானம் முடிந்திருந்தது. கருநீலத் திட்டுகள் முடிந்திருந்தன. இடது மூலைத் திட்டின் விளிம்பில், தாளின் வெள்ளையைச் சுற்றி, தூரிகையின் நுனியால் மெல்ல நிறத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

“சார், குட்டியை எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க?”

தலையைத் தூக்கவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம்தான்ம்மா. நனைஞ்ச தோல்மேல இப்ப விழுது பாருங்க, இந்த வெளிச்சம் போயிரும். போனதும் கொண்டு போகட்டும்.”

 கரைப் பக்கம் திரும்பி மேட்டிலிருந்தே கத்தினேன். “கொண்டு போங்க! நான் சொல்றேன், கொண்டு போங்க!” அவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். குட்டியைத் தூக்கினார்கள். நானும் இறங்கி ஓடிப்போய் வல்லத்தில் ஏறிக்கொண்டேன். அலையைத் தாண்டிப் போனபோது தாய் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. தம்பி எஞ்சினை அணைத்துவிட்டு, கேட்கிறதா என்று பார்த்தார். குட்டி இரண்டொரு தடவை கூப்பிட்டது. பதில் வரவில்லை. இருட்டும்வரை அதை வல்லத்தின் பக்கவாட்டில் தண்ணீரில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். தம்பியின் கைகளுக்குள்தான் அது அடங்கியது. அப்படியே விட மனமில்லாமல் கரைக்குக் கொண்டு வந்தார்.

கரையில் அக்கா கேட்டார்: “எதுக்கு நிக்கச் சொன்னாரு?”

சொன்னேன். மறைக்க எனக்குக் காரணமில்லை. அவர் நம்பாத மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு சொட்டச் சொட்ட மேட்டில் ஏறினார். பெரிய டாக்டர் டார்ச் வெளிச்சத்தில் தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். படம் நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா குனிந்து அதைப் பார்த்தார். “இதுக்கா?” என்றார். அவ்வளவுதான். மணலில் காறித் துப்பினார். அவர் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துளி தாளில் விழுந்துவிடாமல், பெரிய டாக்டர் பதறிக் கையை நீட்டிப் படத்தை மறைத்தார். அன்று முழுவதும் அவர் பதறியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஜீப்பில் அவராகவே பேசினார். “அது பிழைச்சிருக்காதும்மா. நுரையீரல் போயிருச்சு. தாயும் பிழைக்காது. உங்களுக்கும் தெரியும்.” மருத்துவம் என்று பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். இத்தனை வருஷமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அதைத் தவறென்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அங்கே நின்றவர்கள் ஒரு டாக்டரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். அந்தச் சொல்லுக்குள் ஏதோ அறிவு இருக்கிறது, தங்களுக்குப் புரியாத காருண்யம் இருக்கிறது என்று நம்பி, குட்டியின் முதுகிலிருந்த துணியைத் தாங்களே எடுத்தார்கள். அவருக்கோ அந்தத் துணி நிறத்தை மறைத்தது. அவர் பொய்கூடச் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய அளவுக்கு அவர்கள் அவர் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் ஜேசிபி வந்தது. மணலில் பெரிய பள்ளம் வெட்டி, சங்கிலி கட்டி இழுத்துப் போட்டோம். இழுக்கும்போது தோல் உரிந்து கையோடு வந்தது. ஒன்று வெடித்து எங்கள் எல்லார் மேலும் தெறித்தது. பெரிய டாக்டர் முழங்கால்வரை பூட்ஸ் போட்டு இறங்கி, குட்டி உட்படச் சிலவற்றை அறுத்துப் பரிசோதித்தார். மிகச் சுத்தமான கை. அவர் எழுதிய அறிக்கையில் ஒரு பிழை இராது. முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண்வரை கழுவி, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, “வாங்கம்மா, டீ குடிக்கலாம்” என்றார். என் தலைமுடியில் அந்த எண்ணெய் நாற்றம் வாரக்கணக்கில் இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் குமட்டியது. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். விழுப்புரம், ஈரோடு, தஞ்சாவூர் என்று எங்கெங்கோ போனேன். அவர் என்னைப் பற்றி எங்கும் தவறாகச் சொன்னதில்லை என்று கேள்விப்பட்டேன். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

அதனால்தான் பதவி உயர்வில் தூத்துக்குடிக்கு வந்து அறைக்குள் நுழைந்ததும் அந்தப் படத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். பெரிய டாக்டர் கடைசியாக வேலை பார்த்தது அங்கேதானாம்; ஓய்வு பெறும்போது அலுவலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாராம். கழற்றச் சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது? படம் அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்திருந்தும், என் கண் அந்த வெள்ளைத் துண்டின்மேல் போய் ஒரு கணம் இன்பப்பட்டுவிட்டுத்தான் திரும்பியது. நாக்கு அறியாமல் ருசித்துவிட்டதைத் துப்ப முடியாதது மாதிரி இருந்தது.

சில மாதங்களில் அவரே வந்தார். கையில் ஒரு மக்ரூன் பெட்டி. தலை முழுக்க வெளுத்திருந்தது. சட்டை மட்டும் பழைய இஸ்திரியோடு. இப்போது அவர் பெயர் பெற்ற ஓவியர். தம் படங்களையெல்லாம் சேர்த்து ஊரில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், இந்தப் படத்தைச் சில நாட்களுக்குக் கடனாகத் தர வேண்டும் என்றார். “என் படத்துலயே இதுதாம்மா நல்லா அமைஞ்சது” என்று எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“அது பாறை இல்லையே சார்” என்றேன்.

“எனக்கு அன்னைக்கே பாறைதான். உயிர்னு நினைச்சா கை நடுங்கும். நடுங்குற கையால ஈரத்தாள்ல நிறம் வைக்க முடியாது. ஆபரேஷன் பண்ணும்போது நாம வலியை நினைச்சுக்கிட்டா கத்தி வைக்கிறோம்?”

“ஆபரேஷன் மாட்டுக்காகப் பண்றது சார்.”

சிரித்தார். “நீங்க இன்னும் கோபமாத்தான் இருக்கீங்க.”

“கோபமில்ல சார். அருவருப்பா இருக்கு.”

அவர் பரிவோடு தலையை ஆட்டினார். “அந்த வாடை அப்படி. சில பேருக்குப் போகவே போகாது” என்றார். பிறகு, “நீங்களும் அன்னைக்கு அங்க இருந்தவங்க. திறப்பு விழாவுல ரெண்டு வார்த்தை பேசணும்” என்றார். சம்மதித்தேன். என்ன பேசப் போகிறேன் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

போவதற்கு முன் அக்காவைத் தேடினேன். மகன் வீட்டோடு திரேஸ்புரத்துக்கு வந்துவிட்டார் என்று சொன்னார்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, நெகிழிப் பாய் விரித்துச் சாளை விற்றுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரமாகவில்லை. கண்காட்சியைப் பற்றிச் சொல்லி, என்னோடு வர வேண்டும், நாம் இரண்டு பேரும் சேர்ந்து அது என்ன என்று சொல்ல வேண்டும் என்றேன்.

“நான் அங்க வந்து என்ன செய்யச் சொல்லுத தங்கச்சி?” என்றார், கைவேலையை நிறுத்தாமல். “படத்துல இருக்கது பாறையா குட்டியான்னு எவனுக்குத் தெரிஞ்சா எனக்கென்ன? அன்னைக்குத் துப்புனேன்லா, அதோட எனக்கு முடிஞ்சி போச்சி. நீதான் இன்னும் வாயிலயே வச்சிக்கிட்டு அலையுத.” வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு பையில் மீன் போட்டுக் கொடுத்தார். சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு, “டிரைவருக்குக் குடு” என்றார்.

ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அரங்கில் கண்காட்சி. குளிர்சாதனம், ரோஜாப்பூ மாலை, சந்தனம். சுவரெங்கும் உப்பளமும் ஆற்றுமுகமும் கொடிக்காலும். நடுச்சுவரில் தனியாக விளக்குப் போட்டு ‘மாலைப் பாறைகள்’. சிறப்பு விருந்தினர், இந்தக் கடற்கரையின் அமைதியைப் பெரிய டாக்டரைப் போலக் கண்டவர்கள் இல்லை என்று பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. அது எந்தக் கரை, கிடப்பவை என்ன, அந்தச் சின்னத் திட்டு என்ன, அதன்மேல் கிடந்த சேலை யாருடையது, யார் அதை எடுக்கச் சொன்னது, எதற்காக, கடலுக்குள் அப்போது நின்றுகொண்டிருந்தது எது என்பதையெல்லாம் நடந்தது நடந்தபடி சொன்னேன். அவருடைய கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.  முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்தது, இனி யாராலும் அதைப் பாறை என்று பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

நினைத்தது சரிதான். அதன்பின் யாரும் அதைப் பாறை என்று பார்க்கவில்லை. அரங்கம் முழுவதும் அந்த ஒரு படத்துக்கு முன்னால் போய்க் கூடியது. “இதான் குட்டி, இதான்!” என்று ஒருவருக்கொருவர் விரலால் காட்டிக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்த அம்மாள், “சாகப்போற நேரத்துலயும் எவ்வளவு அழகா மின்னுது பாருங்க” என்று பெருமூச்சு விட்டார். ஒரு பையன் தன்னோடு வந்த பெண்ணைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் போனில் எடுத்தான். அவள் தலையைச் சாய்த்து, வருத்தமான முகம் வைத்துக்கொண்டாள். சரியாக வரவில்லை என்று இன்னொன்று எடுக்கச் சொன்னாள். சென்னைக்காரர் ஒருவர், என்ன விலையானாலும் சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வெட்கமோ வருத்தமோ முகத்தில் தேடினேன். கண்கள் பளபளத்தன. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நல்லாப் பேசினீங்கம்மா. இத்தனை வருஷம் இந்தப் படத்துல என்னமோ குறையுதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க பேசினதை அப்படியே ஒரு கார்டுல அடிச்சுப் பக்கத்துல வச்சிரலாமா? பேரையும் மாத்திரலாம். ‘கடைசி வெளிச்சம்’. எப்படி இருக்கு?”

கையை உருவிக்கொண்டேன். உள்ளங்கை முழுக்க ஏதோ பிசுபிசுத்தது போல இருந்தது, புடவையில் துடைத்தேன். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து, படம் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணை ஒதுங்கச் சொல்லிவிட்டு, சட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்துக் கொக்கியிலிருந்து தூக்கினேன். நான் நினைத்ததைவிட அது கனமாக இருந்தது. “மேடம், மேடம், என்ன பண்றீங்க?” என்று விழாக்குழுவினர் ஓடி வந்தார்கள். “அலுவலகச் சொத்து. விற்பனைக்கு இல்லை. திரும்ப எடுத்துட்டுப் போறேன்” என்றேன். யாரும் தடுக்கவில்லை. படத்தின் முகத்தை என் பக்கமாகத் திருப்பி அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். என்னைக் கூப்பிடுவார், ஏதாவது கேட்பார் என்று ஒரு நினைப்பு. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வெறும் விளக்கு எரிந்துகொண்டிருந்த நடுச்சுவருக்கு முன்னால் இரண்டடி பின்வாங்கி, கண்ணைச் சுருக்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து அளவெடுத்தார். பிறகு அங்கே நின்ற பணியாளிடம், பக்கத்திலிருந்த உப்பளப் படத்தைக் கொஞ்சம் இடதுபக்கமாக நகர்த்தி மாட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம். போதும்.